அட்டையில் எழுதிய அந்த இரண்டு எண்கள்



மொரப்பூரிலிருந்து ஒரு வாசகி கடிதம் எழுதியிருந்தார். தலைப்பிரசவத்துக்காகத் தாய்வீட்டுக்கு வந்திருக்கும் மகளுக்கு எட்டாவது மாதம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரஷர் பார்த்தபோது 150க்கு 100 இருந்திருக்கிறது. அன்றைக்கே தருமபுரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். “தலைவலி இல்லைங்க, மயக்கம் இல்லைங்க. காலையில களி சாப்பிட்டுட்டு, துணி துவைச்சுப் போட்டுட்டுத்தான் செக்கப்புக்கே வந்தா. உடம்புக்கு ஒண்ணுமில்லாத பிள்ளையை எதுக்குங்க பெட்டுல சேர்க்கச் சொல்றாங்க?” என்று கேட்டிருந்தார். மகளைச் சேர்த்துவிட்டு, வார்டுக்கு வெளியே காத்திருந்த நேரத்தில் எழுதிய கடிதம் அது. சேர்த்துவிட்டார் என்று படித்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது.

அவருடைய கேள்வியில் தவறே இல்லை. காய்ச்சல் என்றால் உடம்பு சுடும், எலும்பு முறிந்தால் வலிக்கும். நாம் பழகிய நோய்கள் எல்லாம் தாங்களாகவே வந்து சொல்லிக்கொள்கிறவை. கர்ப்பகாலத்தில் ஏறும் ரத்த அழுத்தம் அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை. தலைவலியும் கண் மங்கலும் வரும் நேரத்தில் அது பாதி தூரம் கடந்திருக்கும். அதற்கு முன்பே அதைக் காட்டிக்கொடுப்பவை தாய்–சேய் நல அட்டையில் நர்சம்மா எழுதிக் கொடுக்கும் இரண்டு எண்கள்தான். மே மாதம் 22ஆம் தேதியை உலகம் முழுவதும் இந்தப் பிரச்சினைக்கான விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள். இந்த மாதத்துப் பக்கத்தை முழுவதுமாக அந்த அம்மாவுக்கும், அவரைப் போல வார்டுக்கு வெளியே காத்திருக்கும் எல்லா அம்மாக்களுக்கும் எழுதுகிறேன்.

முதலில் அந்த எண்களைப் பற்றி. மேலே எழுதுவது இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும்போது இருக்கும் அழுத்தம். கீழே எழுதுவது இதயம் விரிந்து ஓய்வெடுக்கும்போது இருப்பது. மேல் எண் 140 அல்லது கீழ் எண் 90, இரண்டில் ஒன்றைத் தொட்டாலும் கர்ப்பிணிக்கு அது உயர் ரத்த அழுத்தம். நான்கு மணி நேரம் இடைவெளி விட்டு மறுபடியும் பார்த்து உறுதி செய்வார்கள். 160 அல்லது 110 என்றால் காத்திருக்க நேரமில்லை. நிமிடக்கணக்கில் சிகிச்சை தொடங்க வேண்டிய நிலை. ஐந்து மாதத்துக்கு முன்பே, அதாவது 20 வாரத்துக்கு முன்பே அழுத்தம் கூடுதலாக இருந்தால் அது பெரும்பாலும் அந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே இருந்த ரத்தக்கொதிப்பு. அதற்குப் பிறகு புதிதாக ஏறினால் அது கர்ப்பம் கொண்டுவந்தது. அதோடு சிறுநீரில் புரதமும் இறங்கினாலோ, கல்லீரல், சிறுநீரகம், ரத்தத் தட்டணுக்கள் இவற்றில் பாதிப்பு தெரிந்தாலோ மருத்துவர்கள் ‘ப்ரீஎக்லாம்ப்சியா’ என்கிறார்கள். அதன் உச்சத்தில் வரும் வலிப்புதான் ‘எக்லாம்ப்சியா’. நம் பாட்டிமார் பிரசவ ஜன்னி என்று சொல்லி நடுங்கியவற்றில் இதுவும் உண்டு.

எண்கள் சரியாக இருக்க வேண்டுமென்றால் அளப்பதும் சரியாக இருக்க வேண்டும். பஸ்ஸை விட்டு இறங்கி, வெயிலில் நடந்து வந்த பெண்ணை உடனே உட்கார வைத்துப் பட்டையைச் சுற்றக் கூடாது. ஐந்து நிமிடமாவது அவர் அமைதியாக உட்கார்ந்திருக்க வேண்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும். இரண்டு பாதங்களும் தரையில் பதிந்திருக்க வேண்டும். கால் மேல் கால் போடக் கூடாது. கை நெஞ்சின் உயரத்தில் மேசை மேல் இருக்க வேண்டும். இறுக்கமான ரவிக்கைக் கையை மேலே சுருட்டிவிட்டால் அதுவே கயிறுபோல் இறுக்கும். பருத்த கைக்குச் சிறிய பட்டையைச் சுற்றினால் அளவு கூடுதலாகக் காட்டும். அளக்கும்போது யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. கூட்டம் நிறைந்த செக்கப் நாளில் இத்தனையையும் பார்த்துச் செய்வது செவிலியருக்குப் பெரிய வேலை. வரிசையில் நிற்கும் நாம் அந்த ஐந்து நிமிடத்துக்காக முணுமுணுக்காமல் இருந்தால், அதுவே அவருக்கு உதவி.

இது ஏன் வருகிறது என்பது இன்றும் முழுதாக விடுபடாத புதிர். ஆனாலும் பிரச்சினை தொடங்கும் இடம் நஞ்சுக்கொடி என்பது தெரியும். கர்ப்பத்தின் முதல் மாதங்களில் கருப்பைச் சுவரில் இருக்கும் மெல்லிய, சுருண்ட ரத்தக் குழாய்கள் அகன்று விரிய வேண்டும். கடைமடை வயலுக்கு ஏரித் தண்ணீர் போய்ச் சேர வாய்க்காலை வெட்டி அகலப்படுத்துவதைப் போன்ற வேலை அது. சில பெண்களுக்கு அந்த அகலப்படுத்தல் சரியாக நடப்பதில்லை. பிள்ளை வளர வளரத் தேவை கூடுகிறது. குறுகிய குழாய் வழியே போதிய ரத்தம் வருவதில்லை. தட்டுப்பாட்டில் இருக்கும் நஞ்சுக்கொடி சில புரதங்களைத் தாயின் ரத்தத்தில் கலக்கவிடுகிறது. அவை தாயின் உடம்பெங்கும் உள்ள ரத்தக் குழாய்களின் உட்சுவரைக் கெடுக்கின்றன. அழுத்தம் ஏறுவது அதன் ஒரு அடையாளம். மூளை, கண், கல்லீரல், சிறுநீரகம், நுரையீரல் என்று எல்லா இடத்திலும் அது கை வைக்கலாம்.

ஆகவே இது அந்தப் பெண் செய்த எந்தத் தப்பாலும் வருவதில்லை. கோபப்பட்டதால் வரவில்லை, மாமியாரோடு சண்டை போட்டதால் வரவில்லை, கிரகணத்தன்று வெளியே வந்ததால் வரவில்லை. முதல் கர்ப்பம், இரட்டைப் பிள்ளை, 35 வயதுக்கு மேல் கருத்தரிப்பு, உடல் பருமன், சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, முந்தைய பிரசவத்தில் இதே பிரச்சினை, அம்மாவுக்கோ அக்காவுக்கோ இருந்தது ஆகியவை வாய்ப்பைக் கூட்டும். உடம்பு முதிராத வயதில் தாயாவதும் ஆபத்தைக் கூட்டுகிறது. இளவயதுக் கல்யாணம் இன்னும் முழுதாக ஒழியாத தருமபுரி மாவட்டத்தில் இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

உடம்பு எவ்வளவு வலுவாக இருந்தாலும் அது விடுவதில்லை. 2016 ரியோ ஒலிம்பிக்கில் 4×100 மீட்டர் தொடர் ஓட்டத்தில் அமெரிக்கப் பெண்கள் தங்கம் வென்றார்கள். அந்த நால்வரில் ஒருவர் ஆலிசன் ஃபீலிக்ஸ். 2018இல் கடுமையான ப்ரீஎக்லாம்ப்சியாவால் 32ஆவது வாரத்திலேயே அறுவை சிகிச்சை செய்து அவருடைய மகளை வெளியே எடுக்க வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் அவரே வந்து இதைச் சொன்னார். அதே அணியில் ஓடிய டோரி போவி 2023இல் எட்டு மாதக் கர்ப்பிணியாக, வீட்டில் தனியே இறந்துகிடந்தார். வயது 32. பிரேதப் பரிசோதனை அறிக்கை சொன்ன சாத்தியமான காரணங்களில் எக்லாம்ப்சியாவும் ஒன்று. உலகத்தின் மிக வலுவான கால்களுக்குச் சொந்தக்காரர்கள் இவர்கள். துணி துவைத்துப் போட்டுவிட்டு வந்த மொரப்பூர் மகளுக்கு 150க்கு 100 இருந்ததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

தாய்க்கு நேரக்கூடியவை வலிப்பு, மூளையில் ரத்தக்கசிவு, நுரையீரலில் நீர் கோத்தல், சிறுநீரகம் செயலிழத்தல், கல்லீரல் பாதிப்பு. உலக அளவில் தாய்மார் இறப்பில் ஏறத்தாழ ஏழில் ஒன்றுக்கு ரத்த அழுத்தக் கோளாறுகளே காரணம். ரத்தப்போக்குக்கு அடுத்த இடம் இதற்கு. பிள்ளைக்கு நேர்வது வேறு விதம். நஞ்சுக்கொடி வழியாக உணவும் பிராணவாயுவும் குறைவதால் வயிற்றிலேயே வளர்ச்சி தடைபடும். சில நேரம் நஞ்சுக்கொடி முன்னதாகவே பிரிந்து ரத்தப்போக்கு ஏற்படும். பிள்ளை வயிற்றிலேயே இறந்துவிடவும் கூடும். தாயைக் காப்பாற்ற முன்கூட்டியே பிரசவம் பார்த்தால் குறைமாதக் குழந்தைக்குரிய சிரமங்கள் வரும். 2014 நவம்பரில் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சில நாட்களுக்குள் பச்சிளங்குழந்தைகள் அடுத்தடுத்து இறந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். அப்போது சொல்லப்பட்ட காரணங்களில் முக்கியமானது, பிறக்கும்போதே எடை குறைவு. எடை குறைவுக்கு ரத்தசோகை, ஊட்டக்குறைவு, இளவயதுத் தாய்மை என்று பல வேர்கள் உண்டு. கவனிக்கப்படாத ரத்த அழுத்தமும் அவற்றில் ஒன்று. தொட்டிலில் தெரியும் துயரம் பல மாதங்களுக்கு முன்பே, ஒரு செக்கப் நாளில் தொடங்கியிருக்கும்.

இத்தனைக்கும் தமிழ்நாடு இதில் பின்தங்கிய மாநிலம் அல்ல. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இங்கே 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. மாதிரிப் பதிவுக் கணக்கின்படி 2018–20 காலகட்டத்தில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு இந்தியாவில் 97 தாய்மார் இறந்தபோது, தமிழ்நாட்டில் அது 54. ஒவ்வொரு தாயின் இறப்பையும் பதிவு செய்து, எங்கே தாமதம் நடந்தது என்று உட்கார்ந்து ஆராய்கிற பழக்கத்தை நம் பொது சுகாதாரத் துறை பல ஆண்டுகளாக வைத்திருக்கிறது. பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி வாசலை எல்லோரும் மிதித்துவிடுகிறோம். மீதமுள்ள ஆபத்து இரண்டு இடங்களில் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஒரு செக்கப்புக்கும் அடுத்த செக்கப்புக்கும் நடுவே. பிள்ளையோடு வீட்டுக்குத் திரும்பிய பிறகு. அந்த இரண்டு இடத்திலும் டாக்டர் பக்கத்தில் இல்லை. குடும்பம் மட்டும்தான் இருக்கிறது.

சிகிச்சையின் கதையில் நம் சென்னைக்கும் ஓர் அத்தியாயம் உண்டு. 1844இல் தொடங்கிய எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனைக்குப் பிரசவ வலிப்போடு பெண்கள் வந்துகொண்டே இருந்த காலம். அங்கே பணியாற்றிய டாக்டர் எம்.கே. கிருஷ்ண மேனன், மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்து வலிப்பை அடக்கும் முறையை உருவாக்கினார். தம் அனுபவத்தை 1961இல் பிரிட்டிஷ் மகப்பேறு இதழில் வெளியிட்டார். மேனன் முறை என்ற பெயரில் அது இந்திய மருத்துவமனைகளில் நெடுங்காலம் உயிர்களைக் காத்தது. பின்னர் அதைவிட நல்லது வந்தது. இந்தியா உட்படப் பல நாடுகளில் 1,600க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 1995இல் வெளியானது. வலிப்பு திரும்ப வருவதைத் தடுப்பதில் அப்போது புழக்கத்திலிருந்த மற்ற மருந்துகளை மக்னீசியம் சல்பேட் வெகுதூரம் விஞ்சியது. 2002இல் வெளியான மாக்பை ஆய்வில் 33 நாடுகளைச் சேர்ந்த சுமார் 10,000 பெண்கள் பங்கேற்றார்கள். வலிப்பு வருவதற்கு முன்பே இந்த மருந்தைக் கொடுத்தால், வருவதற்கான வாய்ப்பு பாதிக்கும் கீழே குறைகிறது என்று அது நிறுவியது. எப்சம் உப்பு என்று நாம் அறிந்த அதே பொருள்தான், ஊசி மருந்தாக.

வார்டில் இந்த மருந்து ஏறும்போது நடப்பதைக் குடும்பத்தார் தெரிந்துவைத்திருப்பது நல்லது. பார்த்துப் பதறாமல் இருக்கலாம். நரம்பில் ஓர் ஊசி மெதுவாக ஏறும். பல இடங்களில் இரண்டு புட்டத்திலும் ஆழமாக ஊசி போடுவார்கள், வலிக்கும். உடம்பெல்லாம் சூடு பரவுவதுபோல் இருக்கிறது என்று பெண் சொல்வாள், வியர்க்கும். அதன்பின் செவிலியர் திரும்பத் திரும்ப வருவார். சிறு சுத்தியலால் முழங்காலில் தட்டிக் கால் துள்ளுகிறதா என்று பார்ப்பார். நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணுவார். பையில் எவ்வளவு சிறுநீர் சேர்ந்திருக்கிறது என்று குறித்துக்கொள்வார். மருந்து அளவுக்கு மீறிச் சேர்கிறதா என்பதை இந்த மூன்றும் சொல்லிவிடும். மீறினால் முறிக்க கால்சியம் குளுக்கோனேட் ஊசி பக்கத்திலேயே தயாராக இருக்கும். ராத்திரி தூங்கவிடாமல் வந்து தட்டிப் பார்க்கிறார்களே என்று சலித்துக்கொள்ளாதீர்கள். அந்தத் தட்டலில்தான் பாதுகாப்பு இருக்கிறது.

அழுத்தத்தைக் குறைக்கும் மாத்திரைகளைப் பற்றிய பயமும் நிறைய வீடுகளில் உண்டு. லேபெடலால், நிஃபெடிபின், மெத்தில்டோபா ஆகியவை கர்ப்பிணிகளுக்கு நெடுங்காலமாகக் கொடுக்கப்படும் மருந்துகள். நாக்பூரில் இரண்டு அரசு மருத்துவமனைகளில், கடுமையாக அழுத்தம் ஏறிய 894 கர்ப்பிணிகளுக்கு இவற்றை வாய்வழியாகவே கொடுத்துப் பார்த்த ஆய்வு 2019இல் லான்செட் இதழில் வந்தது. பெரும்பாலோருக்கு ஆறு மணி நேரத்துக்குள் அழுத்தம் கட்டுக்குள் வந்தது. விலை குறைந்த, எந்தச் சிறிய மருத்துவமனையிலும் வைத்திருக்கக்கூடிய மாத்திரைகள் போதும் என்பதைக் காட்டிய இந்திய ஆய்வு அது. டாக்டர் எழுதிக் கொடுத்ததை, அளவு இறங்கிவிட்டது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். மாத்திரை வேலை செய்வதால்தான் இறங்கியிருக்கிறது. இன்னொன்றையும் கட்டாயம் சொல்ல வேண்டும். வீட்டில் மாமனாருக்கோ மாமியாருக்கோ வாங்கிவைத்திருக்கும் பிரஷர் மாத்திரையை எடுத்துக் கர்ப்பிணிக்குக் கொடுத்துவிடக் கூடாது. எனாலாப்ரில், லோசார்டன் போன்ற மாத்திரைகள் வயிற்றிலுள்ள பிள்ளையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஏற்கெனவே அந்த மாத்திரை சாப்பிடும் பெண் கருத்தரிக்க நினைத்தால், முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும்.

சாப்பாட்டு விஷயத்துக்கு வருவோம். சிறுநீரில் இறங்கும் புரதத்தை ‘நீரில் உப்பு இருக்கு’ என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோம். அதனால் கர்ப்பிணியின் தட்டிலிருந்து உப்பை முழுக்க எடுத்துவிடுகிற வீடுகள் உண்டு. அது சமையல் உப்பு அல்ல. உப்பை நிறுத்துவதால் இந்த நோய் நிற்பதும் இல்லை. வாய்க்குப் பிடிக்காமல் அவள் சாப்பாட்டைக் குறைத்துக்கொள்வதுதான் மிச்சம். ஊறுகாய், அப்பளம், கடை நொறுக்குகளைக் குறைத்தால் போதும். சமையலில் அளவான உப்பு இருக்கட்டும்.

கூட்ட வேண்டியது கால்சியத்தை. சாப்பாட்டில் சுண்ணாம்புச் சத்து குறைந்த பெண்களுக்குக் கால்சியம் மாத்திரை கொடுத்தால் இந்த நோயின் வாய்ப்பு குறைகிறது. நான்காவது மாதத்திலிருந்து தினம் இரண்டு மாத்திரை அரசு தருகிறது. பெங்களூருவிலும் தான்சானியாவிலும் தலா 11,000 கர்ப்பிணிகளிடம் நடந்த ஆய்வு 2024 ஜனவரியில் வெளியானது. ஒரு நாளைக்கு 500 மில்லிகிராமே 1,500க்கு ஈடாகப் பலன் தருகிறது என்று கண்டார்கள். ஆக, மாத்திரை வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று முழுதாக விடுவதைவிட டாக்டரிடம் சொல்லிக் குறைந்த அளவிலாவது தொடர்வது மேல். கால்சியத்தையும் இரும்புச்சத்து மாத்திரையையும் ஒரே நேரத்தில் விழுங்கக் கூடாது; ஒன்று மற்றதை உடம்பில் சேரவிடாது. இரண்டையும் வெவ்வேறு வேளைக்குப் பிரித்துக்கொள்ளுங்கள். மொரப்பூர், அரூர் பக்கத்து வாசகர்களுக்கு இன்னொரு நல்ல செய்தி. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 340 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. அரிசியில் இருப்பது அதில் மிகச் சிறு பங்கு. ஏழைச் சாப்பாடு என்று ஒதுக்கிவைத்த களியும் கூழும் கர்ப்பிணிக்குரிய சாப்பாடு. மாத்திரையோடு சேர்த்து அதையும் கொடுங்கள். ஆபத்து வாய்ப்பு கூடுதலாக உள்ள பெண்களுக்கு மூன்று மாதம் முடியும் தறுவாயில் குறைந்த அளவு ஆஸ்பிரின் தொடங்குவதும் நிரூபிக்கப்பட்ட தடுப்பு. அதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். முந்தைய பிரசவத்தில் பிரஷர் இருந்த பெண், இந்த முறை கருத்தரித்ததுமே அதைச் சொல்லிவிட வேண்டியது இதற்காகத்தான்.

இந்த நோய்க்கு ஒரே முடிவு பிரசவம். நஞ்சுக்கொடி வெளியே வந்தால்தான் வேர் அறும். ப்ரீஎக்லாம்ப்சியா உறுதியான பெண்ணுக்கு 37 வாரம் முடிந்ததும் பிரசவத்தை வரவழைத்துவிடுவார்கள். நிலைமை மோசமானால் அதற்கு முன்பே. அந்த இடத்தில்தான் நம் வீடுகளில் இரண்டு தயக்கங்கள் எழும். ஏழாம் மாதப் பிள்ளை பிழைக்கும், எட்டாம் மாதப் பிள்ளை தங்காது என்ற நம்பிக்கை ஒன்று. உண்மையில் வயிற்றில் கூடும் ஒவ்வொரு வாரமும் பிள்ளைக்கு வலுதான். எட்டாம் மாதப் பிள்ளைக்குப் பிழைக்கும் வாய்ப்பு ஏழாம் மாதப் பிள்ளையைவிட அதிகம். முன்கூட்டியே பிறக்கப்போகும் பிள்ளையின் நுரையீரல் பக்குவப்படத் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். பிறந்த பின் பார்த்துக்கொள்ளப் பச்சிளங்குழந்தைகள் பிரிவு இருக்கிறது. இன்னொன்று நாள், நட்சத்திரம். அழுத்தம் 160ஐத் தாண்டிய பெண்ணுக்கு, தாயும் பிள்ளையும் உயிரோடு வரும் நேரமே நல்ல நேரம். பெரியவர்கள் இதை முதலில் சொல்லிவிட்டால் டாக்டருக்கும் பெண்ணுக்கும் எவ்வளவு பாரம் குறையும்!

மொரப்பூர் மாதிரி ஊர்களுக்கே உரிய சிக்கல் ஒன்றும் இருக்கிறது. கணவர் திருப்பூரிலோ பெங்களூருவிலோ வேலை பார்ப்பார். முதல் ஆறு மாத செக்கப் அங்கே. வளைகாப்பு முடிந்ததும் ரயிலேறித் தாய்வீட்டுக்கு வருவாள். வளையலும் புடவையும் பத்திரமாக வந்துசேரும். ரிப்போர்ட்டுகள் அங்கேயே தங்கிவிடும். இங்கே பார்க்கும் டாக்டருக்கு, மூன்றாம் மாதத்தில் 100க்கு 60 இருந்த பெண் இப்போது 136க்கு 86இல் நிற்கிறாள் என்பது தெரியாது. 140ஐத் தொடவில்லைதான். ஆனாலும் ஏறிக்கொண்டிருக்கிறாள் என்பதைப் பழைய எண்கள் இருந்தால்தானே அறிய முடியும்? அதனால் தாய்–சேய் நல அட்டையையும், கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது கொடுத்த பிக்மி எண்ணையும், ரிப்போர்ட்டுகளையும் முதலில் எடுத்து வையுங்கள். வந்து இறங்கிய வாரமே அந்தப் பகுதி கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு மாதமும் 9ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கான சிறப்புப் பரிசோதனை இலவசமாக நடக்கிறது. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய் உதவிக்காகப் பதிவு செய்கிறோம். அந்தப் பதிவோடு வரும் பரிசோதனைகள் அந்த உதவியைவிட மதிப்புள்ளவை. சித்தேரி போன்ற மலைக் கிராமங்களில் இருப்பவர்கள், அழுத்தம் ஏறத் தொடங்கிய பெண்ணைப் பிரசவத் தேதிக்கு முன்பே ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைப்பது நல்லது. ராத்திரியில் மலையிறங்கும் நேரம் அந்தப் பெண்ணிடம் இருக்காது.

இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அடுத்த செக்கப்புக்குக் காத்திருக்கக் கூடாது: விடாத தலைவலி, கண் முன்னால் பூச்சி பறப்பதுபோல் அல்லது மங்கலாகத் தெரிவது, வலது விலாவுக்குக் கீழே அல்லது மேல்வயிற்றில் வலி, முகமும் கைவிரலும் திடீரென்று வீங்கி மோதிரம் இறுகுவது, மூச்சுத்திணறல், சிறுநீர் குறைவது, பிள்ளையின் அசைவு குறைவது. மேல்வயிற்று வலியைத்தான் ‘கேஸ்’ என்று சொல்லி ஓமத் தண்ணீரும் சோடாவும் கொடுத்து நேரத்தை விட்டுவிடுகிறோம். கால் வீங்கினால் இன்ன பிள்ளை என்று சோதிடம் சொல்வதையும் விட்டுவிடுவோம். வீங்கினால் பிரஷர் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். வலிப்பு வந்துவிட்டால் இடதுபக்கமாகத் திருப்பிப் படுக்க வையுங்கள். கையில் சாவியோ இரும்போ திணிக்க வேண்டாம், வாயில் எதையும் நுழைக்க வேண்டாம், தண்ணீர் ஊற்ற வேண்டாம். 108ஐ அழைத்து, கர்ப்பிணிக்கு வலிப்பு என்று முதல் வார்த்தையிலேயே சொல்லுங்கள். காத்து கருப்பு என்று மந்திரிக்கக் கூட்டிப்போவது அவளுடைய உயிர் நிமிடங்களைச் செலவழிப்பது.

பிள்ளை பிறந்ததும் கவலை முடிந்தது என்று நினைப்பதுதான் நாம் எல்லோரும் தடுமாறும் இடம். பிரசவத்துக்குப் பின் மூன்றாவது நாளிலிருந்து ஆறாவது நாள் வரை அழுத்தம் மறுபடியும் ஏறுவது வழக்கம். பெரும்பாலான பெண்கள் அப்போதுதான் வீடு திரும்புகிறார்கள். கர்ப்பத்தில் பிரஷரே இல்லாதவருக்கும் பிரசவத்துக்குப் பின் வலிப்பு வந்தது உண்டு. பிள்ளையைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் தொட்டிலைப் பார்க்கிறோம். பத்தியச் சாப்பாட்டோடு படுத்திருப்பவளிடம் ‘தலை வலிக்குதா கண்ணு?’ என்று யாராவது ஒருவர் கேட்க வேண்டும். முதல் வாரத்தில் ஓரிரு முறை, ஆறு வாரம் முடியும்போது ஒரு முறை கட்டாயம் அளவு பார்க்க வேண்டும். தடுப்பூசிக்காகப் பிள்ளையைத் தூக்கிப்போகும் அதே நாளில் தாயின் கையிலும் பட்டையைச் சுற்றச் சொல்லுங்கள்.

அதோடும் முடிவதில்லை. ப்ரீஎக்லாம்ப்சியா வந்த பெண்களுக்குப் பிற்காலத்தில் ரத்தக்கொதிப்பு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட மூன்று நான்கு மடங்கு; மாரடைப்புக்கான வாய்ப்பு இரு மடங்கு. அதனால் பிற்காலத்திலும் அளந்துகொண்டே இருக்க வேண்டும்; அதற்கு வழியும் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கியது. வீட்டு வாசலுக்கே வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். மாமியார் கை நீட்டும்போது, பக்கத்தில் நிற்கும் 28 வயது மருமகளையும் கை நீட்டச் சொல்லுங்கள். ‘இவளுக்குப் பிரசவத்தில் பிரஷர் இருந்ததுங்க’ என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

வார்டுக்கு வெளியே உட்கார்ந்து கடிதம் எழுதிய அம்மா, உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். உங்கள் மகளின் உடம்புக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்பதற்காகத்தான் அவளைச் சேர்க்கச் சொன்னார்கள். 150க்கு 100 என்று எழுதிய அந்தச் செவிலியர், அடுத்த வாரம் பார்க்கலாம் என்று அனுப்பாமல் அன்றே அனுப்பினாரே, அவருக்கு நாம் எல்லோரும் நன்றி சொல்ல வேண்டும்.

மற்ற வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ மாசமாக இருக்கும் பெண் செக்கப் முடித்து வரும்போது, பிள்ளை நன்றாக இருக்கிறதா என்று கேட்பீர்கள். அதோடு “பிரஷர் எவ்வளவும்மா சொன்னாங்க?” என்றும் கேளுங்கள். தெரியாது என்றால் அட்டையை வாங்கிப் படியுங்கள். எழுதப்படவில்லை என்றால் திரும்பப் போய் அளந்து எழுதி வாங்குங்கள். வெளியூரில் இருக்கும் கணவர்கள் போனில் முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் இதுவே. செலவில்லை, ஒரு நிமிடம்கூட ஆகாது. இதைக் கேட்கிற வீடுகள் கூடக்கூட, இன்னும் குறைய வேண்டிய தாய்மார் இறப்புக் கணக்கு குறையும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்